கடைவாய்ப்பல்லுக்குள் ஃபைல் தொடாத இடம்

"டாக்டர், உள்ளே எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டீங்கல்ல?"

ரூட் கேனல் முடிந்து நாற்காலியை விட்டு எழும்போது பலரும் இதைக் கேட்பார்கள். உதடு மரத்துப்போய் ஒரு பக்கம் கோணியிருக்கும், வார்த்தை குழறும், இருந்தாலும் கேட்பார்கள். "எடுத்தாச்சும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவேன். முன்பல் என்றால் அது கிட்டத்தட்ட உண்மை. கடைவாய்ப்பல் என்றால் அதில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பல்லுக்குள் எதைச் சுத்தம் செய்கிறோம், அதற்கு ஏன் இத்தனை முறைகள், இந்த முறை அதைவிட நல்லது என்று எதை அளந்து சொல்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பல் மருத்துவ மாணவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு முறை ரூட் கேனல் செய்துகொண்டவராக இருந்தாலே இதெல்லாம் புரியும்.

பல்லின் வெளியே தெரிவது எனாமல். அதற்குக் கீழே டென்டின். நடுவில் ஒரு சின்ன அறை, அந்த அறையிலிருந்து வேர் நுனி வரை இறங்கும் கால்வாய்கள். அறையிலும் கால்வாயிலும் இருக்கிற மென்மையான சதையைத்தான் பேச்சில் 'நரம்பு' என்கிறோம். நரம்போடு இரத்தக் குழாயும் சேர்ந்த திசு அது. பாடத்தில் அதன் பெயர் பல்ப். சொத்தை ஆழமாக இறங்கிக் கிருமி பல்ப்புக்குள் புகுந்தால் அது வீங்கும், ராத்தூக்கத்தைக் கெடுக்கும், பிறகு செத்துப்போகும். செத்ததும் வலி நின்றுவிடும். 'தானா சரியாயிடுச்சு' என்று அதோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கிருமி விடாது. வேர் நுனி வழியாக எலும்பைத் தொடும், அங்கே எலும்பு கரையும், எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டமாகத் தெரியும்.

இதில் குற்றவாளி கிருமிதான் என்பதை 1965இல் ஒரு சோதனை பளிச்சென்று காட்டியது. காகெஹாஷியும் அவருடைய சகாக்களும் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் கடைவாய்ப்பல்லில் துளை போட்டு பல்ப்பை அப்படியே திறந்துவிட்டார்கள். துளைக்குள் தீனி போய் அடைந்தது. ஆனாலும் பல்ப் சாகவில்லை, திறந்த இடத்தின் மேல் டென்டினால் ஒரு பாலம் கட்டிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கு அதே துளையில் பல்ப் அழுகிச் சீழ் வைத்தது. ஆக, ரூட் கேனலில் நாங்கள் செய்வதெல்லாம் உள்ளே இருக்கும் கிருமியையும் அதற்குத் தீனியாகிற செத்த திசுவையும் வெளியேற்றி, திரும்ப வரமுடியாதபடி அடைப்பதுதான். சொல்வதற்கு இவ்வளவுதான்.

செய்வதற்கு அவ்வளவு சுலபமில்லை. காரணம், 'கால்வாய்' என்ற சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. கேட்டதும் நேராக வெட்டிய வாய்க்கால் ஒன்று மனதில் வருகிறது. படிக்கிற காலத்தில் எங்களைப் பிடுங்கிய கடைவாய்ப்பற்களைச் சேர்த்துவரச் சொல்வார்கள். பல் கிளினிக்குகளில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாட்டில் நிறைய வாங்கி வருவோம். அதில் ஒன்றை எடுத்துக் கால்வாய்க்குள் மையைச் செலுத்தி, நைட்ரிக் அமிலத்தில் சில நாள் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து பல் ரப்பர் மாதிரி வளையும். பிறகு ஆல்கஹாலில் போட்டு நீரை எடுத்துவிட்டு, மெத்தில் சாலிசிலேட்டில் முக்கினால் பல் கண்ணாடியாகிவிடும். மெத்தில் சாலிசிலேட் வேறொன்றுமில்லை, மூட்டுவலித் தைலத்தின் வாசனை அதுதான். லேப் முழுக்க தாத்தா வீட்டுத் திண்ணை மாதிரி மணக்கும். அந்தக் கண்ணாடிப் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அன்றுதான் எனக்கு ரூட் கேனல் மீது பயம் வந்தது. மை ஒரு கோடாக இறங்கவில்லை. பக்கவாட்டில் கிளைவிட்டு, இரண்டு கோடுகள் நடுவில் சேர்ந்து, திரும்பப் பிரிந்து, நுனிக்குக் கொஞ்சம் முன்னால் விரிந்து போயிருந்தது. ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் கால்வாய்க்குள் ரப்பரைச் செலுத்தி, பல்லை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய ரப்பர் வார்ப்புகளைப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். பார்ப்பதற்கு வேரோடு பிடுங்கிய புல் மாதிரி இருக்கும்.

நம்மிடம் ரூட் கேனலுக்கு அதிகம் வருவது ஆறு வயதில் முளைக்கிற முதல் கடைவாய்ப்பல். கீழ்த்தாடையில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு வேர். முன்வேரில் வழக்கமாக இரண்டு கால்வாய், பின்வேரில் ஒன்றோ இரண்டோ. முன்வேரின் இரண்டு கால்வாய்களுக்கும் நடுவே தாள் மாதிரி மெல்லிய ஒரு இடுக்கு பல பற்களில் இருக்கும். அதை இஸ்த்மஸ் என்பார்கள். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். மேல்த்தாடைப் பல்லுக்கு மூன்று வேர். கன்னத்துப் பக்கத்து முன்வேரில் எம்.பி.2 என்ற இரண்டாவது கால்வாய் ஒளிந்திருக்கும். அதைத் தேடாமல் விட்டுவிட்டுப் பிறகு நோயாளி அதே பல்லோடு திரும்பி வந்த கதை, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னிடம் ஒன்றுக்கு மேலேயே உண்டு.

சரி, உள்ளே இறங்குகிற கருவிக்கு வருவோம். அதன் பெயர் ஃபைல். ஊசி மாதிரி மெலிந்த அரம். பிடியின் நிறம் அதன் நுனி எவ்வளவு பருமன் என்று சொல்லும். வெள்ளை 15, மஞ்சள் 20, சிவப்பு 25, நீலம் 30, பச்சை 35, கறுப்பு 40. இவை மில்லிமீட்டரில் நூறில் இத்தனை பங்கு. சிவப்பு என்றால் நுனி 0.25 மி.மீ. நுனியிலிருந்து மேலே போகப் போக ஃபைல் பருக்கும். கையால் சுற்றும் வழக்கமான ஃபைலில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.02 மி.மீ. கூடும், அதை 2 சதவீத டேப்பர் என்கிறோம். மோட்டாரில் சுற்றும் ஃபைல்களில் 4, 6 சதவீதமும் அதற்கு மேலும் உண்டு.

இந்த டேப்பர் கணக்கு வெறும் பட்டியல் விவரம் இல்லை. கால்வாயை எதற்காகப் பெரிதாக்கி வடிவம் கொடுக்கிறோம் என்பதே இதில்தான் இருக்கிறது. கால்வாயைக் கழுவ நாங்கள் பயன்படுத்தும் 30 கேஜ் ஊசியின் வெளிப் பருமன் ஏறக்குறைய 0.3 மி.மீ. பக்கவாட்டில் துளையுள்ள அந்த ஊசியிலிருந்து வரும் திரவம், ஊசி முனையைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் புதிதாகப் புரளும். அதற்குக் கீழே இருப்பது அசையாமல் தேங்கி நிற்கும். ஆக, ஊசி நுனிக்கு இரண்டு மூன்று மி.மீ. அருகிலாவது போயாக வேண்டும். சிவப்பு ஃபைலை 2 சதவீத டேப்பரில் ஓட்டியிருந்தால் நுனியிலிருந்து 3 மி.மீ. மேலே கால்வாயின் அகலம் 0.31. ஊசி இறுகிக்கொள்ளும், திரவம் திரும்பி வர இடமில்லை. அதே சிவப்பு 4 சதவீதத்தில் 0.37, 6 சதவீதத்தில் 0.43. இப்போது ஊசி தளர்வாக நிற்கும், அழுக்கோடு திரவம் மேலே வரும். ஃபைல் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அதன் பெரிய வேலை, கழுவுகிற மருந்து போய் வர வழி வெட்டுவது.

அப்படியென்றால் இன்னும் பெரிதாக வெட்டிவிடலாமே? வேர் தாங்காது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் பின்பக்கச் சுவர், அதாவது இரண்டு வேர்களும் கவடு பிரிகிற பக்கம், சில பற்களில் ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இருக்காது. அபாயப் பகுதி என்றே அதற்குப் பெயர். அங்கே அதிகம் சுரண்டினால் சுவர் ஓட்டையாகிவிடும். அப்புறம் அந்தப் பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

வளைவு இன்னொரு தொல்லை. கடைவாய்ப்பல்லின் வேர் நேராக இறங்குவது அபூர்வம். மெல்லிய 10ஆம் எண் எஃகு ஃபைல் வளைந்து கொடுக்கும். 30க்கு வந்துவிட்டால் எஃகுக்கு முரட்டுப் பிடிவாதம் வந்துவிடும், எப்படி வளைத்துவிட்டாலும் நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தால் நுனிப் பக்கத்தில் வளைவின் வெளிச்சுவரையும் நடுவில் உள்சுவரையும் தின்னும். கால்வாய் தன் பழைய பாதையை விட்டு விலகும். சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடை விழுந்துவிட்டால் அடுத்த ஃபைல் அதில் முட்டி நின்றுவிடும், அதற்குக் கீழே இருக்கும் பகுதி கைக்கு எட்டாமலே போகும்.

இந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டியதன் வரலாறுதான் 'முறைகள்' என்று பாடத்தில் வருவதெல்லாம். நுனியைச் சிறிய ஃபைலால் முடித்துவிட்டு, பெரிய ஃபைல்களை ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பின்வாங்கி ஓட்டுவது ஸ்டெப்-பேக். மேலிருந்து ஆரம்பித்து, மேல்பகுதி அழுக்கை முதலில் எடுத்துவிட்டு நுனியை நோக்கி இறங்குவது கிரவுன்-டவுன். இதில் அழுக்கு வேர் நுனிக்கு வெளியே தள்ளப்படுவது குறையும். ஃபைலை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிக் கடிக்கவிட்டு, கீழே அழுத்தியபடி இடப்பக்கம் திருப்பி வெட்டுவது பேலன்ஸ்டு ஃபோர்ஸ், 1985இல் ரோன் எழுதியது. கையால் செய்பவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். கை பழகிவிட்டால் எஃகே கொஞ்சம் பணிந்து போகும்.

உண்மையான திருப்பம் பல் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த நிக்கல்-டைட்டானியம் கலவை, பல் கம்பி போடுகிறவர்கள் கைக்கு வந்தது. 1988இல் வாலியாவும் இரண்டு சகாக்களும் அந்தக் கம்பியிலேயே 15ஆம் எண் ஃபைல் செய்து பார்த்தார்கள். எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு வளைந்து கொடுத்தது. எஃகு நிமிரப் பார்க்கும் இடத்தில் இது கால்வாய் போன வழியே போகும். அதனால் மோட்டாரில் மாட்டி முழுச் சுற்று சுற்றலாம் என்ற தைரியம் வந்தது. 2008இல் காசன் யாரெட் ஒரே ஃபைலை முன்னும் பின்னுமாகச் சமமில்லாத கோணங்களில் ஆட்டி முழுக் கால்வாயையும் முடிக்கிற வழியை எழுதினார். சில வருடங்களில் அதற்கென்றே தயாரித்த ஃபைல்கள் சந்தைக்கு வந்தன.

இதற்கும் ஒரு விலை உண்டு. எஃகு ஃபைல் உடைவதற்கு முன் பெரும்பாலும் முறுக்கு அவிழ்ந்து காட்டிக்கொடுக்கும். நிக்கல்-டைட்டானியம் பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். எனக்கு முதன்முதலில் உடைந்தது ஒரு கீழ்ப் பல்லின் முன்வேரில். மோட்டாரின் சத்தம் ஒரு கணம் மாறியது, வெளியே எடுத்த ஃபைல் 3 மி.மீ. குட்டையாக இருந்தது. அந்த 3 மி.மீ.யை அந்த அம்மாவிடம் எக்ஸ்ரேயில் காட்டி விளக்கியபோது என் வாய்தான் மரத்துப்போயிருந்தது.

இப்போது அளவீட்டுக்கு வருவோம். புது ஃபைல் ஒவ்வொன்றின் விளம்பரத்திலும் ஒரு பல் படம் இருக்கும், கால்வாய் அழகாக வளைந்து வெள்ளைக் கோடாக நிற்கும். அதை நம்ப முடியாது. எக்ஸ்ரே ஒரே திசையிலிருந்து விழுகிற நிழல். முட்டை வடிவக் கால்வாயின் நடுவில் வட்டமாக ஒரு துளை போட்டு அடைத்திருந்தாலும் நிழலில் நிரம்பியதாகவே தெரியும்.

ஆரம்பத்தில் வளைந்த கால்வாய் வார்த்த பிளாஸ்டிக் கட்டைகளில் சோதித்தார்கள். எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி என்பதால் ஒப்பிடுவது சுலபம். ஆனால் பிளாஸ்டிக் டென்டின் இல்லை. சூட்டில் இளகும், ஃபைல் கடிக்கிற விதமே வேறு. பிடுங்கிய பல்லில் செய்தால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். ஆனால் எந்த இரண்டு பல்லும் ஒன்றல்ல. ஒரு குழுவில் நேரான வேர்களும் இன்னொன்றில் கொக்கி வேர்களும் விழுந்துவிட்டால் எந்த ஃபைலும் ஜெயிக்கும், எதுவும் தோற்கும். அதனால் முதலில் வளைவின் கோணத்தை அளந்து சமமாகப் பிரிப்பார்கள். 1971இல் ஷ்னைடர் சொன்ன கோணம் இன்றும் இதற்குப் பயன்படுகிறது. ஒரு ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது முடிவை அல்ல, இந்தப் பிரிவினை எப்படி நடந்தது என்பதை.

பிறகு பல்லை ஸ்கேன் செய்து, ஃபைல் ஓட்டி, திரும்ப ஸ்கேன் செய்து, இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பார்கள். குறிப்பிட்ட ஒரு மட்டத்தில் வளைவின் உள்சுவர் 0.05 மி.மீ. குறைந்திருக்கிறது, வெளிச்சுவர் 0.15 மி.மீ. குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.10 மி.மீ., கால்வாய் அவ்வளவு விலகிவிட்டது என்று பொருள். சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்தால் 0.33. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டியிருந்தால் 1 வந்திருக்கும், அதாவது ஃபைல் நடுவிலேயே நின்றிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் விலகல், மையம் காக்கும் விகிதம் என்ற பெரிய பெயர்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கழித்தலும் வகுத்தலும்தான். இந்தக் கணக்கில் நிக்கல்-டைட்டானியம் எஃகைவிட நன்றாகவே வரும்.

ஆனால் பல்லின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் நுணுக்கமாகப் படம்பிடிக்கும் மைக்ரோ சி.டி. ஸ்கேன் வந்தபோது வேறொரு எண் வெளிவந்தது. 2001இல் பீட்டர்ஸ் குழுவினர் மேல் கடைவாய்ப்பற்களை எடுத்து நான்கு நிக்கல்-டைட்டானியம் முறைகளை ஒப்பிட்டார்கள். எந்த முறையாக இருந்தாலும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் தொடாமலே இருந்தது. முறைகளுக்கு நடுவே இருந்த வித்தியாசத்தைவிடப் பல்லுக்குப் பல் இருந்த வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிந்தது. காரணம் சின்னது. சுற்றுகிற கருவி வட்டமாகத்தான் வெட்டும், கால்வாய் வட்டமில்லை.

தொடாத அந்த இடத்துக்கு மருந்துதான் போக வேண்டும். நாங்கள் 'ஹைப்போ' என்று கூப்பிடும் சோடியம் ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதே. முதல் உலகப் போரில் டேக்கின் என்ற வேதியியலாளர் இதை 0.5 சதவீதத்தில் காயம் கழுவக் கொடுத்தார். நாங்கள் 0.5இலிருந்து 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை பயன்படுத்துகிறோம். கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவைக் கரைக்கவும் செய்யும் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. எடுத்த பல்ப் துண்டை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஹைப்போ ஊற்றிப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைக்க ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் ஓரம் கரைந்து துண்டு இளைத்துக்கொண்டே போகும். நோயாளிக்கு இதைக் காட்டினால், மருந்து வாய்க்குள் போகாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் டேம் என்ற ரப்பர் தாளை ஏன் மாட்டுகிறோம் என்று அதற்கப்புறம் கேட்கவே மாட்டார். ஊசியை இறுக்கி அழுத்தினால் இது வேர் நுனியைத் தாண்டிப் போய் முகமே வீங்கிவிடும். அதனால்தான் மேலே சொன்ன 0.37க்கும் 0.31க்கும் இவ்வளவு மரியாதை.

ஃபைல் வெட்டும்போது விழும் டென்டின் தூள் சுவரில் மெழுகினாற்போல் ஒட்டிக்கொள்ளும். அதை ஹைப்போ எடுக்காது, சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற திரவம், 17 சதவீதத்தில், எடுக்கும். குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியையும் சிலர் சேர்ப்பார்கள். ஆனால் அது ஹைப்போவோடு நேராகக் கலந்தால் பழுப்பாகத் திரிந்து கால்வாயில் படியும், நடுவில் அலசிவிட வேண்டும். திரவத்தைச் சும்மா விட்டுவைக்காமல் அல்ட்ராசானிக் முனையால் அதிரவிட்டால் இடுக்குகளுக்குள் போவது கூடும்.

சுத்தத்தை அளப்பது வடிவத்தை அளப்பதைவிடச் சிரமம். ஈரம் உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சியான காகித முனையைக் கால்வாய்க்குள் விட்டு ஈரத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கலாம். பிஸ்ட்ரமும் சுண்ட்க்விஸ்டும் 1980களின் தொடக்கத்தில் இப்படித்தான் பார்த்தார்கள். உப்புநீரை ஊற்றி ஃபைல் மட்டும் ஓட்டினாலே கிருமி வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. 0.5 சதவீத ஹைப்போ சேர்ந்ததும் முடிவு தெளிவாக மேம்பட்டது. இதில் ஒரு ஓட்டை உண்டு. காகித முனையும் ஃபைல் போன பாதையில்தான் போகும். ஃபைல் தொடாத இடத்தை அதுவும் தொடாது.

2005இல் நாயரும் சகாக்களும் அந்த இடத்தையே போய்ப் பார்த்தார்கள். கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் 16க்கு ஒரே அமர்வில் சிகிச்சையை முடித்து, உடனே முன்வேரின் நுனியை அறுவை செய்து எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 16இல் 14இல் கிருமி மிச்சமிருந்தது. எங்கே? பெரும்பாலும் அந்த இஸ்த்மஸிலும் கிளைக் கால்வாய்களிலும். கைக்கு எட்டாத இடுக்குகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில பற்களில் ஃபைல் வெட்டிய தூளே போய் இடுக்கை அடைத்து மருந்தையும் தடுத்துவிடும் என்பதை மைக்ரோ சி.டி. பின்னர் காட்டியது.

அப்படியானால் ரூட் கேனல் செய்த பற்கள் எல்லாம் ஏன் திரும்ப வலிக்கவில்லை? கிருமியை முழுதாக ஒழிப்பது தேவையில்லை, உடம்பு சமாளிக்கும் அளவுக்குக் குறைத்து, தீனியையும் வழியையும் அடைத்துவிட்டால் பெரும்பாலான பற்களில் எலும்பு ஆறிவிடுகிறது. ஆய்வகத்தில் இரண்டு ஃபைல்களுக்கு நடுவே தெரிகிற வித்தியாசம் நோயாளிகளிடம் அதே அளவுக்குத் தெரிவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எம்.பி.2ஐக் கண்டுபிடித்தாரா, ரப்பர் டேம் மாட்டினாரா, ஹைப்போவுக்கு நேரம் கொடுத்தாரா, மேலே கேப் நன்றாகப் பொருந்தியதா என்பவை ஃபைலின் பிராண்டைவிடக் கனமானவை. ஃபைல் கம்பெனி ஆட்கள் கிளினிக்குக்கு வரும்போது இதைச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த டப்பாவைத் திறப்பார்கள்.

கடைசியில் ஒரு முறை வேலை செய்ததா என்பதைச் சொல்கிற அளவுகோல் ஆய்வகத்தில் இல்லை, எலும்பில் இருக்கிறது. சிகிச்சைக்கு ஒரு வருடம் கழித்து அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியில் இருந்த கறுப்பு சுருங்கியதா என்று பார்க்க வேண்டும். 1986இல் ஓர்ஸ்டாவிக் வகுத்த அளவுகோலில் 1 என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது, 5 என்றால் மோசம். 4 மதிப்பெண்ணில் வந்த பல் வருடம் கழித்து 2க்கு இறங்கியிருந்தால் அன்று எனக்கு நல்ல நாள்.

அதனால் கேப் மாட்டி அனுப்பும்போது "அடுத்த வருஷம் இதே மாசம் ஒரு படம் எடுக்க வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். மறக்காமல் போனும் செய்வோம். பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"வலியே இல்லையே டாக்டர், எதுக்கு வரணும்?"